கரிய எழுத்துக்கு உரிய இடம்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது பழமொழி. மனிதருக்கு மட்டுமன்று, எழுத்துக்கும் ஆடை உண்டு. ஒரே சொல்லை ஒரு வடிவில் அச்சிட்டால் அது விழாக்கோலம் பூண்டு நிற்கிறது. மற்றொரு வடிவில் அச்சிட்டால் அன்றாட வேலைக்குப் புறப்பட்டவரைப் போல் எளிமையாக நிற்கிறது. பாடநூல், அழைப்பிதழ், அறிவிப்புப் பலகை, மருந்துப் புட்டி என எங்கு நோக்கினும் எழுத்துகள் ஏதேனும் ஓர் ஆடை அணிந்தே நம்மிடம் வருகின்றன. நாமோ சொல்லைப் படிக்கிறோம், ஆடையைக் கவனிப்பதில்லை.

அத்தகைய ஆடைகளுள் மிகப் பழமையானதும் மிகப் பகட்டானதும் ஒன்று உண்டு. ஆங்கிலச் சான்றிதழ்களிலும், ஆங்கிலத் திருமண அழைப்பிதழ்களிலும், சில செய்தித்தாள்களின் பெயரிலும் கன்னங்கரேலெனத் தோன்றும் எழுத்து அது. கூரிய முனைகளும் தடித்த கால்களுமாக, பழைய ஐரோப்பியப் பேராலயத்தின் தூண்களைப் போல் நிமிர்ந்து நிற்கும். ஆங்கிலத்தில் அதனைப் 'பிளாக் லெட்டர்' என்பர். 'காத்திக்' என்றும், 'ஓல்டு இங்கிலீஷ்' என்றும் அழைப்பதுண்டு. இக்கட்டுரையில் அதனைக் 'கரிய எழுத்து' என்றே அழைப்போம்.

இவ்வெழுத்தைப் பற்றி இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. "இது அழகானது, ஆகவே எங்கும் இடலாம்" என்பர் ஒரு சாரார். "இது படிக்க முடியாத பழைய பாணி; ஆகவே ஒதுக்கிவிடலாம்" என்பர் மறு சாரார். இவ்விரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. கரிய எழுத்து, நம்மை அழைத்து நிறுத்தத் தகுந்தது. அமர்ந்து செய்தி சொல்ல இன்று அது தகுந்ததன்று. தலைப்புக்கு அது மகுடம். பெயருக்கும் செய்திக்கும் அது திரை. இதுவே எங்கள் கருத்து. இதற்கான காரணங்களை முதலில் வரலாற்றிலும், பிறகு வடிவத்திலும் காண்போம்.

இறகுப் பேனா தந்த வடிவம்

கரிய எழுத்து 12ஆம் நூற்றாண்டில் வடமேற்கு ஐரோப்பாவில் உருப்பெற்றது. அதற்கு முன்னர் அங்கு வழங்கிய எழுத்து வட்டமானது, அகலமானது. பல்கலைக்கழகங்கள் தோன்றி, நூல்களின் தேவை பெருகியபோது நிலைமை மாறியது. அந்நாளில் நூல்கள் பதப்படுத்திய தோலில் எழுதப்பட்டன. தோலோ விலை மிகுந்தது. ஆகவே எழுத்தர்கள் எழுத்துகளை ஒடுக்கி, நெருக்கி, ஒரு பக்கத்தில் அதிகச் சொற்கள் அடங்குமாறு எழுதத் தொடங்கினர்.

அவர்கள் கையில் இருந்தது முனை அகலமாகச் சீவப்பட்ட இறகுப் பேனா. அதனைச் சாய்வாகப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தால் தடித்த கோடு விழும். பக்கவாட்டில் நகர்த்தினால் மெல்லிய கோடு விழும். வளைவுகளைத் தவிர்த்து, நேர்க்கோடுகளாக உடைத்து எழுதியதால் எழுத்துகள் கூர்முனை பெற்றன. தடித்த கோடும் அதற்கு அடுத்த வெள்ளை இடைவெளியும் ஏறத்தாழ ஒரே அகலத்தில் மாறி மாறி வந்தன. பக்கம் முழுவதும் நெய்த துணியைப் போலத் தோன்றியது. இதனால்தான் இவ்வகையின் முதன்மையான வடிவத்துக்கு 'டெக்ஸ்டுரா' என்று பெயர் வந்தது. இலத்தீனில் அதற்கு நெசவு என்பது பொருள்.

நெசவு அழகுதான்; ஆயினும் அதில் ஒரு சிக்கல் இருந்தது. சிறிய 'ஐ', 'என்', 'எம்', 'யு' ஆகிய எழுத்துகள் யாவும் ஒரே மாதிரியான குத்துக்கோடுகளால் ஆனவை. 'மினிமம்' என்னும் இலத்தீன் சொல்லை இவ்வெழுத்தில் எழுதினால் 15 குத்துக்கோடுகள் வேலி போல வரிசையாக நிற்கும். எங்கே ஓர் எழுத்து முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று எப்படி அறிவது? இத்தகைய குழப்பத்தைத் தீர்க்கவே எழுத்தர்கள் 'ஐ'யின் தலைமேல் ஒரு சிறு கோட்டை இட்டனர். இன்று நாம் சிறிய 'ஐ'க்கு வைக்கும் புள்ளி அந்தக் கோட்டின் வழிவந்ததே. அழகைக் கெடுக்காமல் படிப்பவருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்தது என்பதற்கு அந்தப் புள்ளியே சாட்சி.

பெயர்களைப் பற்றியும் இங்கே ஒரு சொல். 'ஓல்டு இங்கிலீஷ்' என்ற பெயரைக் கண்டு, பழைய ஆங்கில மொழி இவ்வெழுத்தில்தான் எழுதப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. அம்மொழி வழங்கிய காலத்தில் இவ்வெழுத்து பிறக்கவே இல்லை. 'காத்திக்' என்ற பெயரும் அத்தகையதே. கோத் இனத்தாருக்கும் இதற்கும் தொடர்பில்லை. பண்டைய உரோமைக் கலையைப் போற்றிய இத்தாலிய அறிஞர்கள், வடநாட்டாரின் கலையை நாகரிகமற்றது என்று இகழ்வதற்காகச் சூட்டிய பெயர் அது. இகழ்ச்சியாகச் சூட்டிய பெயரே இன்று பெருமைப் பெயராக நிலைத்துவிட்டது!

பாப்பரசர் ஆகவிருந்தவர் எழுதிய கடிதம்

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஏறத்தாழ 1455ஆம் ஆண்டில் யோகன்னஸ் கூட்டன்பர்க் இலத்தீன் விவிலியத்தை அச்சிட்டு முடித்தார். ஐரோப்பாவில் தனித்தனி உலோக எழுத்துகளைக் கோத்து அச்சிடப்பட்ட முதற்பெரும் நூல் அது. பெரும்பாலான பக்கங்களில் ஒரு பத்திக்கு 42 வரிகள் இருப்பதால் '42 வரி விவிலியம்' என்று அதனை அழைப்பர். ஏறத்தாழ 180 படிகள் அச்சிடப்பட்டன என்பது அறிஞர்களின் கணிப்பு. அதன் எழுத்து எது? டெக்ஸ்டுரா என்னும் கரிய எழுத்தே. கையெழுத்து நூல்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அச்சு நூலும் அவ்வாறே தோன்ற வேண்டும் என்று கூட்டன்பர்க் விரும்பினார்.

அந்நூலின் தாள்களை வெளிவந்த காலத்திலேயே கண்டவர்களுள் ஒருவர் ஏனேயா சில்வியோ பிக்கொலோமினி. 1458இல் இரண்டாம் பத்திநாதர் என்ற பெயரில் பாப்பரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இவரே. 1455 மார்ச்சு மாதத்தில் கர்தினால் கார்வகாலுக்கு எழுதிய கடிதத்தில், பிராங்க்பர்ட் நகரில் தாம் கண்ட அத்தாள்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். எழுத்துகள் தூய்மையாகவும் பிழையின்றியும் இருந்தன என்றும், கர்தினால் அவர்கள் மூக்குக்கண்ணாடி இல்லாமலே எளிதாகப் படிக்கலாம் என்றும் எழுதுகிறார்.

தோழியரே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்று நாம் எழுத்துக்கூட்டித் தடுமாறும் அதே கரிய எழுத்தை, 'கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்' என்று ஒருவர் பாராட்டியிருக்கிறார். அப்படியானால் படிக்க இயலாமை எழுத்தின் குற்றமா? அன்று. எந்த எழுத்து எளிது, எந்த எழுத்து கடினம் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது கண்ணின் பழக்கம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிக்கொலோமினி அந்நூலின் எழுத்தைப் பாராட்டியபோது, பகட்டையோ அலங்காரத்தையோ புகழவில்லை. படிப்பவருக்கு எளிது என்பதையே புகழ்ந்தார்.

கண்ணின் பழக்கம் மாறியது

கண்ணின் பழக்கம் எவ்வாறு மாறியது? இத்தாலிய அறிஞர்கள் வட்டமான, வெளிச்சம் மிகுந்த எழுத்தையே விரும்பினர். உரோமைக்கு அருகில் சுபியாக்கோ என்னும் ஊரில் ஒரு பெனடிக்டின் துறவு மடம் உள்ளது. அங்கே 1465இல் இரு ஜெர்மானிய அச்சாளர்கள் அத்தகைய எழுத்தை நோக்கி முதல் அடி எடுத்து வைத்தனர். 1470இல் வெனிஸ் நகரில் நிக்கலஸ் ஜென்சன் என்பவர் அதனைச் செம்மைப்படுத்தினார். அதுவே 'ரோமன்' எழுத்து. நம் ஆங்கிலப் பாடநூல்களின் எழுத்துக்கு அதுவே முன்னோடி.

ஆயினும் மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. இங்கிலாந்தில் 1611இல் அரசர் ஜேம்ஸ் காலத்து விவிலியம் முதன்முறையாக அச்சானபோது, அதன் பாடம் கரிய எழுத்திலேயே இருந்தது. மூலத்தில் இல்லாமல், பொருள் விளங்குவதற்காக மொழிபெயர்ப்பாளர் சேர்த்த சொற்கள் மட்டும் சிறிய ரோமன் எழுத்தில் இருந்தன. அதாவது அன்று கரிய எழுத்தே இயல்பானது. ரோமன் எழுத்து துணைக்கு வந்தது. இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. ரோமன் எழுத்து இயல்பானது. கரிய எழுத்து சிறப்பு நாளில் மட்டும் வெளியே வரும் விருந்தாளி.

ஜெர்மனியில் மட்டும் கரிய எழுத்து 20ஆம் நூற்றாண்டு வரையில் அன்றாட எழுத்தாக வாழ்ந்தது. 'பிராக்டூர்' என்னும் வகையே அங்குப் பெரிதும் வழங்கியது. சிறுவர் கதைகளும் செய்தித்தாள்களும் அதில் அச்சாயின. பழகிய கண்களுக்கு அது ஒரு சுமையாகவே இருக்கவில்லை.

எழுத்தின் மீது விழுந்த பழி

இவ்விடத்தில் துயரமான ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். ஹிட்லரின் நாஜிக் கட்சி முதலில் கரிய எழுத்தை 'ஜெர்மானிய எழுத்து' என்று கொண்டாடியது. சுவரொட்டிகளிலும் நூல்களிலும் அதனை இட்டு, தன் பெருமைக்குப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் 1941 ஜனவரி 3ஆம் நாள், ஹிட்லரின் சார்பில் மார்ட்டின் போர்மன் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். கரிய எழுத்து ஜெர்மானியருடையதே அன்று, அது யூதர்களின் எழுத்து, ஆகவே இனி ரோமன் எழுத்தையே பயன்படுத்த வேண்டும் என்று அது கூறியது. அது அப்பட்டமான பொய். கரிய எழுத்தை உருவாக்கியவர்கள் யூதர்கள் அல்லர். அச்சுற்றறிக்கையின் தாளிலேயே கட்சியின் பெயர் கரிய எழுத்தில் அச்சாகியிருந்தது என்பது வேடிக்கையிலும் வேடிக்கை.

இதன் விளைவு யாது? ஜெர்மானியப் பிள்ளைகள் பள்ளியில் வேறு எழுத்தைக் கற்றனர். இன்று அந்நாட்டு இளைஞர் பலருக்குத் தம் பாட்டனாரின் அலமாரியிலுள்ள நூலைப் படிப்பதும், பாட்டியார் பழைய கையெழுத்தில் எழுதிய கடிதத்தைப் படிப்பதும் கடினமாக உள்ளன. மொழி ஒன்றே, எழுத்தின் ஆடை மாறியதால் வீட்டுக்குள்ளேயே ஒரு சுவர் எழும்பிவிட்டது.

மற்றொரு விளைவும் உண்டு. கரிய எழுத்தைக் கண்டாலே நாஜிகளின் நினைவு பலருக்கு வருகிறது. அதனைத் தடை செய்தவர்களே அவர்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எழுத்துக்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. அது விவிலியத்தைத் தாங்கியது. வெறுப்பு நிறைந்த சுவரொட்டியையும் தாங்கியது. பழி எழுதிய கையைச் சாரும். ஆயினும், பழைய காயத்தின் நினைவு இன்னும் ஆறாதவர்கள் இருக்கும் இடத்தில் இவ்வெழுத்தைப் பயன்படுத்துவோர் அதனை அறிந்து பயன்படுத்த வேண்டும். அறியாமல் செய்தாலும் காயம் காயமே.

இன்று அது வாழும் இடங்கள்

இன்று கரிய எழுத்து எங்கெல்லாம் சிறப்பாக விளங்குகிறது என்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 'நியூயார்க் டைம்ஸ்', 'வாஷிங்டன் போஸ்ட்' ஆகிய அமெரிக்க நாளேடுகளும், இலண்டனின் 'டெய்லி டெலிகிராப்' நாளேடும் தம் பெயரைக் கரிய எழுத்தில் அச்சிடுகின்றன. பெயரை மட்டுமே! அதன்கீழ் வரும் செய்தி முழுவதும் எளிய எழுத்தில்தான் இருக்கிறது. நியூயார்க் டைம்ஸ் தன் பெயருக்குப் பின்னால் நெடுங்காலம் ஒரு முற்றுப்புள்ளி வைத்திருந்தது. 1967இல் அப்புள்ளியை நீக்கியது, எழுத்தை நீக்கவில்லை. ஜெர்மனியின் 'பிராங்க்பர்ட்டர் அல்கமைன' நாளேடு, தன் கருத்துரைகளின் தலைப்புகளையும் பிராக்டூரில் அச்சிட்டு வந்தது. 2007இல் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. ஏட்டின் பெயர் மட்டும் அவ்வெழுத்திலேயே தொடர்கிறது.

இங்கிலாந்தின் பழைய சட்ட ஆவணங்களிலும் இதே முறையைக் காணலாம். தொடக்கத்தில் உள்ள ஓரிரு சொற்கள் மட்டும் பெரிய கரிய எழுத்தில் இருக்கும். அடுத்து வருவன அவ்வாறு இரா. கணித நூல்களில் கலப்பெண்ணின் மெய்ப்பகுதியையும் கற்பனைப்பகுதியையும் குறிக்கப் பிராக்டூர் எழுத்துகளை இடுவதுண்டு. அங்கும் ஒற்றை எழுத்துதான். மேல்நாட்டு மதுப் புட்டிகளின் சீட்டுகளிலும், 'மோட்டர்ஹெட்' போன்ற இசைக்குழுக்களின் இசைத்தட்டு உறைகளிலும் இவ்வெழுத்து மிடுக்காக நிற்கிறது. அவற்றின் சுவை நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அவர்களும் ஓரிரு சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவையனைத்தும் உணர்த்துவது ஒன்றே. கரிய எழுத்து குறைவாக வரும்போது நிறைவாக விளங்குகிறது. சமையலில் பெருங்காயம் போல! ஒரு சிட்டிகை மணக்கும். ஒரு கரண்டி போட்டால் குழம்பையே கொட்ட வேண்டியதுதான்.

பெயரை மறைக்கலாமா?

இனி எங்களுக்கு மிக நெருக்கமான செய்திக்கு வருவோம். நம் நாட்டில் ஆங்கிலச் சான்றிதழ்கள் பல, தலைப்பிலிருந்து கடைசி வரி வரையில் கரிய எழுத்திலேயே அச்சாகின்றன. கணினியில் 'ஓல்டு இங்கிலீஷ் டெக்ஸ்ட்' என்ற பெயரில் இவ்வெழுத்து எளிதாகக் கிடைப்பதால், மாணவியின் பெயரையும் அதிலேயே இட்டுவிடுகிறார்கள்.

ஒரு சான்றிதழில் மிக முக்கியமான சொல் எது? நிறுவனத்தின் பெயரா? போட்டியின் பெயரா? அவையெல்லாம் எல்லாச் சான்றிதழிலும் ஒன்றுபோல் இருப்பவை. ஒவ்வொன்றிலும் மாறுவது பெற்றவரின் பெயர் ஒன்றே. அந்தப் பெயருக்காகவே சான்றிதழ் பிறக்கிறது. அதனையே படிக்க முடியாமல் செய்வது, விருந்துக்கு அழைத்தவரை வாசலிலே நிறுத்துவது போலன்றோ?

கரிய எழுத்தில் பெரிய 'ஏ' எழுத்து, பழக்கமில்லாத கண்ணுக்கு 'யு' போலத் தோன்றும். பெரிய 'ஐ' எழுத்துக்கும் 'ஜே' எழுத்துக்கும் வேறுபாடு காண்பது அரிது. பிராக்டூரில் இரண்டுக்கும் ஒரே வடிவமே. மேல்நாட்டாருக்கு இது சிறு தொல்லையாக இருக்கலாம். தமிழ்நாட்டில் நமக்கோ முதலெழுத்து என்பது தந்தையின் பெயர். அந்த ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் தந்தையின் பெயரே மாறிவிடுகிறது. வங்கியிலோ கல்லூரி அலுவலகத்திலோ விண்ணப்பத்தில் உள்ள பெயரையும் சான்றிதழில் உள்ள பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள், இந்தச் சுழிகளுக்கு இடையில் எதைத் தேடுவார்கள்?

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்களுள் பலருடைய அன்னையர் ஆங்கிலம் கற்றவர் அல்லர். ஆங்கில எழுத்துகளை மட்டும் கற்று, விரல் வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பவர்கள். பேருந்துப் பலகையையும், மின்கட்டண அட்டையையும் அவ்வாறு படிக்கப் பழகியவர்கள். மகள் பரிசு வாங்கி வந்தால், அந்தத் தாளை எடுத்து வைத்து அவர்கள் முதலில் தேடுவது மகளின் பெயரை. எளிய எழுத்தில் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். கரிய எழுத்தில் இருந்தால், "இதில் உன் பெயர் எங்கே, அம்மா?" என்று மகளிடமே கேட்க வேண்டியிருக்கிறது. தம்மால் இயன்ற சிறு படிப்பும் அந்த நேரத்தில் கைவிட்டுப் போகிறது. சான்றிதழின் கம்பீரத்துக்காக ஒரு தாயைச் சிறுமைப்படுத்த வேண்டுமா?

"தாளுக்குக் கண்ணியம் வேண்டாமா? எளிய எழுத்தில் இட்டால் கடைச் சீட்டு போல இருக்காதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கண்ணியம் வேண்டும், தலைப்பில் வேண்டும். 'நற்சான்றிதழ்' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லைக் கரிய எழுத்தில் பெரிதாக இடட்டும். எல்லாரும் எதிர்பார்க்கும் சொல் ஆகையால் கண்டவுடன் புரிந்துவிடும். அதன்கீழ்ப் பெயரைத் தெளிந்த ரோமன் எழுத்தில் இடட்டும். அரசியார் தலையில் மகுடம் அணிகிறார், முகத்தை மூடிக்கொள்வதில்லை.

அறிந்து பயன்படுத்துவோம்

பள்ளி விழாக்களுக்குச் சுவரொட்டி எழுதும் தோழியருக்கும், கணினியில் அழைப்பிதழ் அமைக்கும் தோழியருக்கும் பயன்படும் என்று கருதிச் சில குறிப்புகளைத் தருகிறோம்.

முதலாவதாக, கரிய எழுத்தில் ஒரு சொல்லை முழுவதும் பெரிய எழுத்துகளால் அமைக்கக் கூடாது. அதன் பெரிய எழுத்துகள் சுழிகளும் உட்கோடுகளும் நிறைந்தவை. சொல்லின் முதலில் தனித்து நிற்பதற்காக வளர்ந்தவை. அவற்றை வரிசையாக நிறுத்தினால், எல்லாரும் மணப்பெண் கோலத்தில் வந்த கூட்டம் போலாகிவிடும். மணப்பெண் யாரென்று தெரியாது.

இரண்டாவதாக, எழுத்துகளுக்கு இடையில் செயற்கையாக இடைவெளி விடக் கூடாது. கறுப்பும் வெள்ளையும் சம அளவில் மாறி மாறி வருவதே டெக்ஸ்டுராவின் உயிர். இடைவெளியைக் கூட்டினால் நெசவு பிரிந்துவிடும். கரிய எழுத்தை இடைவெளி விட்டு அடுக்குபவன் ஆடு திருடவும் தயங்கமாட்டான் என்று அமெரிக்க எழுத்து வடிவமைப்பாளர் பிரடெரிக் கவுடி கூறியதாக அச்சுத் துறையில் ஒரு கதை வழங்குகிறது. சாய்வெழுத்து இல்லாத பிராக்டூரில், ஒரு சொல்லை வலியுறுத்துவதற்காக ஜெர்மானியர் இடைவெளி விட்டு அச்சிட்டதுண்டு. அது அவர்களின் தனி மரபு.

மூன்றாவதாக, அளவு பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக அச்சிட்டால் மெல்லிய கோடுகள் மறைந்து, தடித்த கோடுகள் மை அப்பியது போலாகும். நான்காவதாக, ஐந்தாறு சொற்களுக்கு மேல் போகக் கூடாது. நாள், நேரம், இடம் ஆகியவற்றை எளிய எழுத்தில் இட வேண்டும். அழைப்பிதழ் அழகாக இருந்து, வருபவர் தவறான நாளில் வந்தால் என்ன பயன்?

ஐந்தாவதாக, கரிய எழுத்திலும் வகைகள் பல உண்டு என்பதை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். 1850 அளவில் தோன்றிய 'பெட்ட பிராக்டூர்' மிகத் தடித்தது; விளம்பரத்துக்கு ஏற்றது. கவுடி 1928இல் வெளியிட்ட 'கவுடி டெக்ஸ்ட்' 42 வரி விவிலியத்தின் எழுத்தைத் தழுவியது. இறை வழிபாட்டு மலருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து அட்டைக்கும் பொருந்தும். அதனோடு சேர்த்து இடுவதற்காக, 'லம்பார்டிக்' என்னும் உருண்டையான பெரிய எழுத்துகளையும் கவுடி அமைத்துத் தந்தார். பழமையைப் போற்றும் கலைஞரும் படிப்பவரின் கண்ணை மறக்கவில்லை!

நிறைவாக

கரிய எழுத்தைப் பகைப்பது எங்கள் நோக்கமன்று. பல நூற்றாண்டுகளாக இறைவார்த்தையைத் தாங்கிய எழுத்து அது. துறவியரும் எழுத்தரும் கை நோக எழுதி வளர்த்த செல்வம் அது. அதனை ஒழித்துவிட்டால் ஓர் அழகு உலகிலிருந்து குறைந்துபோகும். ஆனால் அழகு என்பதற்காக அதனை எல்லா வரியிலும் நிரப்புவது, அந்த அழகுக்கே நாம் செய்யும் தீமை.

ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, 'இது எனக்குப் பிடித்திருக்கிறதா?' என்று கேட்பதோடு நின்றுவிடாமல், 'இதைப் படிக்கப்போகிறவர் யார்?' என்றும் கேட்போமாக. 1455இல் பிக்கொலோமினி கண்ணாடியின்றிப் படிக்கலாம் என்று தம் நண்பரை எண்ணியே எழுதினார். இன்று நாம் எண்ண வேண்டியவர்கள், விரல் வைத்து எழுத்துக்கூட்டும் நம் அன்னையர். தலைப்பு கரிய எழுத்தில் ஒளிரட்டும். அதன்கீழ் மகளின் பெயர், தாய் தானாகவே படிக்கும்படி தெளிவாக விளங்கட்டும்.